அஞ்சாம் தேதிக்காரி

அத்தியாயம் பதினொன்று

தெருவில் அவளுக்கு ஜெராக்ஸ்காரி என்று பெயர். பதினோரு வருஷமாக ஒரே கடை, ஒரே மிஷின் என்று உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. போன வெள்ளிக்கிழமை மாடியில் துணி எடுக்கப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புருஷன் நின்று போனில் பேசியதைக் கேட்டுவிட்டாள் என்பதுதான் இதுவரை நடந்த கதை.

"அஞ்சாம் தேதிக்காரிக்கு ஒரு குறையும் வைக்கல. இருபத்திநாலு மாசமும் தவறாம கொடுத்திருக்கேன். இனிமே பதினொண்ணாம் தேதிக்காரியைத்தான் பாக்கணும். வீட்ல மட்டும் தெரிய வேண்டாம்."

இப்படிச் சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசாதவர், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பவர் என்று அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். கூடுதல் வேலைக்கு வரும் பணம் கவருக்குள் வருவதில்லை என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது.

அவளுக்கு வயிற்றெரிச்சல் இரட்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கட்டடக்காரர் கடைக்கு அட்வான்ஸை உயர்த்திவிட்டார். முப்பதாம் தேதிக்குள் மூன்று லட்சம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கடை, செல்போன் விற்கிறவனுக்குப் போய்விடும். புருஷனிடம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் "பாக்கலாம்" என்றார். எவளோ ஒருத்திக்கு இருபத்திநாலு மாதம் கொடுக்கத் தெரிந்த கை, கட்டினவள் கடைக்கு மட்டும் பாக்கலாம் என்கிறது.

வியாழக்கிழமை காலை, அவர் கண்ணாடி முன் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது மூன்றாவது தடவையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா மட்டும் போதுமா?"

அவர் திரும்பவில்லை. கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நீ எதுவும் ஏற்பாடு பண்ணிடலையே?"

"நான் எங்க போய் ஏற்பாடு பண்றது?"

"சும்மாதான் கேட்டேன். உங்க வீட்டுப் பக்கம் யார்கூடயாவது கொடுக்கல் வாங்கல் ஏதாவது..."

"எங்க வீட்டுப் பக்கம் கொடுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, வாங்கறதுக்கும் ஒண்ணுமில்ல."

"சரி, இல்லன்னா இல்ல" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குற்றம் உள்ளவர்கள் எதிராளியின் மேல் பழியைப் போடுவது வழக்கம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உங்க வீட்டுப் பக்கம் என்று அவர் இழுத்தது எதை என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கை வீட்டுக்காரர் தண்ணீர் கேன் வியாபாரம் தொடங்க எண்பதாயிரம் கொடுத்தாள். கேனும் போயிற்று, பணமும் போயிற்று. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த மனிதர், இன்றைக்கு அதைக் கிளறுகிறார் என்றால் சும்மா இருக்குமா?

அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் நேற்றுப் போட்ட சட்டையை எடுத்தாள். துவைப்பதற்கு முன் பையைத் தடவிப் பார்ப்பது நல்ல குடும்பத்தலைவியின் கடமை. கடமையில் ஒரு சீட்டு கிடைத்தது.

ஏதோ ரசீதின் பின்பக்கம். ரசீதில் இருந்த அச்செழுத்து மங்கி ஏறக்குறைய அழிந்துவிட்டிருந்தது. பின்னால் அவர் கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது.

*2 – இரண்டாயிரம். 5 – பன்னிரண்டாயிரம். 11 – ஆயிரத்தைநூறு. 18 – இரண்டாயிரத்தைநூறு. 24 – ஆயிரம். ஒருத்தியையும் தவறவிடக் கூடாது.*

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி என்றால் அழலாம். சண்டை போடலாம். ஐந்து பேர் என்றால் என்ன செய்வது என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதிலும் மாதம் ஆயிரத்தை வாங்கிக்கொண்டு அந்த இருபத்திநாலாம் தேதிக்காரி எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று, அந்த வேதனையிலும் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

கடையைத் திறந்ததும் வாடிக்கையாளர் யாரும் வருவதற்கு முன்னால் சீட்டை மிஷினின் கண்ணாடியில் கவிழ்த்தாள்.

மங்கின எழுத்தை மேலே கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பழைய பட்டா, நனைந்த மதிப்பெண் பட்டியல், மடிப்பில் கிழிந்த பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அவள் கையில் உயிர் பெற்றிருக்கின்றன. கருமையை இரண்டு புள்ளி ஏற்றினாள். வெறும் சாம்பல் வந்தது. நான்கு ஏற்றினாள். ஆறாவது புள்ளியில், பெரிதாக்கிய தாளில், ஒரு வங்கியின் பெயரும் கிளையும் ஒரு கணக்கு எண்ணும், கட்டின தொகை பன்னிரண்டாயிரம் என்பதும் மெல்லத் தெரிந்தன. யாருடைய கணக்கு என்று இருக்க வேண்டிய இடம் கிழிந்திருந்தது.

கிளை, கடையிலிருந்து நாலாவது தெருவில் இருந்தது. அஞ்சாம் தேதிக்காரி கூப்பிடு தூரத்தில்தான் குடியிருக்கிறாள் போலும்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தங்கை வந்தாள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். முப்பது வயதாகியும் பெயர் வளரவில்லை. ஆறு மாதமாக, ஒன்றிலிருந்து இரண்டு வரை அக்கா சாப்பிடப் போகும்போது கடையில் உட்காருவது குட்டிதான். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. அக்கா மாதக் கடைசியில் கையில் ஏதாவது திணிப்பாள். இந்த ஏற்பாடு லிஃப்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் தண்ணீர் கேன் மறுபடி உருண்டு வரும் என்று அக்காள் தங்கை இருவருமே காதும் காதும் வைத்த மாதிரி நடத்தி வந்தார்கள்.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

அக்கா சீட்டையும் பெரிதாக்கிய தாளையும் நீட்டினாள். மாடியில் கேட்டதை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். குட்டி இரண்டையும் வாங்கிப் படித்தாள். சீட்டில் ஐந்து வரிதான். ஐந்து வரிக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

"அஞ்சு பேரு, குட்டி."

"நீயா எதுவும் கற்பனை பண்ணிக்காத. நேரா அத்தான்கிட்டயே கேட்டுடு."

"கேட்டா சொல்லிடுவாரா? மென்னு முழுங்குவார்."

"அதுக்காக பேங்க்ல போய் நின்னா மட்டும் சொல்லிடுவாங்களா? அடுத்தவங்க கணக்கைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. வெயில்ல அலைஞ்சதுதான் மிச்சம்."

"நான் பேங்குக்குப் போறேன்னு உன்கிட்ட எப்ப சொன்னேன்?"

குட்டி சிரித்தாள். "பேப்பர்ல பேங்க் பேரு இருக்கு. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கடைப் போன் மேஜையில் முணுமுணுத்தது. அது ஊருக்கே பொதுவான போன். பலகையில் பெரிதாக எழுதிப் போட்ட எண்ணுக்கு ஆளாளுக்குப் படமும் கடிதமும் அனுப்புவார்கள், வந்து அச்சாக வாங்கிக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு செய்தி வரும். அக்கா கை நீட்டுவதற்குள் குட்டி போனை எடுத்துப் பார்த்தாள்.

"யாரோ அடையாள அட்டை அனுப்பியிருக்காங்க. நான் எடுத்துக் கொடுத்துடறேன். இந்தப் போன் ரொம்ப நிறைஞ்சு போச்சுக்கா. பழசையெல்லாம் நான்தான் உக்காந்து அழிச்சேன். இல்லன்னா ஒரு படம் இறங்காது."

"நல்ல வேலை பண்ணின. எனக்கு எங்க நேரம்?"

"நீ போய்ச் சாப்பிடு. பேங்க் கீங்க்னு போகாத."

அக்கா சாப்பிடப் போவது போலத்தான் கிளம்பினாள். தெருமுனையில் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய கால், எதிர்ப்பக்கம் திரும்பியது.

வங்கியில் கூட்டம் இல்லை. மூன்றாவது கவுண்டரில், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ்காரி தாளை உள்ளே தள்ளினாள்.

"இந்தக் கணக்கு யாரோடதுன்னு தெரியணும்."

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. உங்க கணக்கா?"

"இல்ல. என் வீட்டுக்காரர் இதுல மாசா மாசம் பன்னெண்டாயிரம் போடறார். இருபத்திநாலு மாசமா. யாருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கவுண்டர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட முகங்களை அவர் முன்பும் பார்த்திருக்க வேண்டும். குரல் சற்று இறங்கியது.

"என்னால சொல்ல முடியாது. வேணும்னா மேனேஜருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க. உங்க அடையாள அட்டை இருக்கா?"

அட்டையைக் கொடுத்தாள். அம்மாள் அட்டையைப் பார்த்தார். கணக்கு எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அப்புறம் எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா விளையாடறீங்களா?"

"நான் ஏன் விளையாடறேன்?"

அம்மாள் திரையைக் கொஞ்சம் திருப்பினார். அதில் ஒரு புகைப்படம் இருந்தது. பின்னால் ஜெராக்ஸ் மிஷின், முன்னால் ஒருத்தி, கொண்டையில் செருகின பென்சில், பாதி மூடின கண்.

"இது உங்க கணக்குதான். உங்க கணக்கு யாரோடதுன்னு நீங்களே வந்து கேக்கறீங்க."

அவளுக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தார். லிஃப்டுக்காரர் கூடவே நின்றார். "காப்பீட்டுக்குக் கையெழுத்து வேணும், பெருக்கல் குறி போட்ட இடத்துல எல்லாம் போடு" என்றார். அன்றைக்குக் கூட்டம் பிதுங்கியது. ஒரு கை மிஷினில், ஒரு கை பேனாவில். வந்தவர் போனைத் தூக்கி ஒரு படமும் எடுத்துக்கொண்டார். அடையாள அட்டையின் பிரதியை அவளே இரண்டாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்று அதிகமாக எடுப்பது அவள் தொழில் பழக்கம்.

ஊரார் பத்திரத்தையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்கிறவள் அவள். யார் வீடு அடமானத்தில் இருக்கிறது, யார் மகன் கணக்கில் தோற்றான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் பெயரில் வந்த தாளை மட்டும் படிக்கவில்லை.

அப்படியானால் அஞ்சாம் தேதிக்காரி அவளேதான். ஒரு வாரமாக யாரைப் பழித்துக்கொண்டிருந்தாளோ, யாருக்கு மனசுக்குள் முகமும் மூக்கும் வரைந்து வைத்திருந்தாளோ, அந்தச் சண்டாளி இதோ பாதிக் கண்ணை மூடிக்கொண்டு திரையில் நிற்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"மாதாந்திரச் சேமிப்புக் கணக்கும்மா. பெண்கள் பேர்ல போட்டா இங்க அரை சதவீதம் வட்டி கூட" என்றார் அம்மாள். "இந்த மாசம் அஞ்சாம் தேதி முடிஞ்சுது. வட்டியோட மூணு லட்சத்துப் பத்தாயிரத்துச் சொச்சம், இதுகூடவே திறந்த உங்க சாதாரணக் கணக்குல வந்து விழுந்துச்சு."

மூன்று லட்சத்துப் பத்தாயிரம். கடை தப்பியது.  அந்த மனிதரை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"அதை இப்ப எடுக்கலாமாங்க?"

அம்மாள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதான் எடுத்துட்டீங்களே. இப்ப நானூத்திப் பன்னெண்டு இருக்கு."

"நான் எடுக்கலையே."

"செவ்வாய்க்கிழமை மதியம் ஒண்ணு இருபதுக்குப் போன் வழியா வேற பேங்குக்கு மாத்தியிருக்கு. ஓடிபி போயிருக்கு. கடைசி ரெண்டு எண் சைபர் ஏழு."

சைபர் ஏழு கடைப் போன்.

"யாருக்குப் போயிருக்கு?"

"இங்க பேர் தெரியாது. இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா அந்த பேங்க்ல விசாரிச்சுப் பேர், விலாசம் வாங்கிடுவாங்க. ஒரு வாரம் ஆகும்." ஒரு படிவத்தையும், கணக்கு விவரத்தின் அச்சையும் தள்ளினார். "ஓடிபி சொல்லாம பணம் நகராதும்மா. உங்க போனைக் கையில வச்சிருந்தவங்கதான் பண்ணியிருக்கணும்."

வெளியே வந்தவளுக்குப் புருஷன்மேல் வந்த இரக்கம் நாலு அடி நடப்பதற்குள் ஆவியாகிவிட்டது. பெண்டாட்டி பெயரில் கணக்கு திறக்கத் தெரிந்தவருக்கு, பெண்டாட்டி கடைப் போனை எடுத்துப் பணத்தை நகர்த்தத் தெரியாதா? கடைக்கு வந்து போகிறவர்தானே. பதினொண்ணாம் தேதிக்காரியை இனிமேல் பார்க்க வேண்டும் என்றாரே, அவள் யார்? அவளும் நானேவா?

அவர் அன்றைக்கு எங்கே வேலை என்று தெரியும். பெரிய சாலையில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம். கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு முன்னால் *பழுது பார்க்கப்படுகிறது* என்ற பலகை. கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் மண்டியிட்டு, பொத்தான் பலகையைக் கழற்றி, கம்பிகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"யாரு? வேலை நடக்குது, படியில போங்க" என்றார் திரும்பாமல்.

"அஞ்சாம் தேதிக்காரி வந்திருக்கேன்."

திருப்புளி கீழே விழுந்தது. அவர் மெதுவாக எழுந்து திரும்பினார். அவள் ஐந்து தேதி எழுதின சீட்டோடு கணக்கு விவரத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"நானும் நேத்து பாஸ்புக்ல பதிஞ்சு பாத்துட்டேன்" என்றார்.

"அப்ப சொல்லுங்க. எங்க அந்தப் பணம்?"

"அதை நான் உன்கிட்ட கேக்கணும்னு நேத்துலேருந்து வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினாலு வருஷ வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக அவர்கள் பார்த்துக்கொண்டதில்லை.

"என்னையா சந்தேகப்படறீங்க?"

"நீ மட்டும் என்னை அஞ்சு பொம்பளைங்களோட சேத்து வைக்கலையா?"

"யார் அந்த அஞ்சு பேரு? வாயைத் திறந்து சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அந்தப் பெயரெல்லாம் கம்பெனி ஸ்டோர் கீப்பர் வைத்தது. அந்த மனிதனுக்கு வட்டி விகிதத்தைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. அவன் போட்டுக் கொடுத்த திட்டம்தான் இது, அன்று மாடியில் போனில் பேசியதும் அவனோடுதான்.

"ஒவ்வொரு பேங்க்லயும் மாசச் சேமிப்புக்கு நல்ல வட்டி கொடுப்பாங்க. ஆனா மாசத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கும்" என்றார். சுற்றிப் பார்த்து, கையால் லிஃப்டின் சுவரைத் தட்டினார். "இதுல ஆறு பேர்தான் ஏறலாம். ஏழாவது ஆள் ஏறினா மணி அடிக்கும். அவனை என்ன பண்ணுவோம்? அடுத்த லிஃப்ட்ல அனுப்புவோம். அவ்வளவுதான். அஞ்சு பேங்க், அஞ்சு தேதி. ஒரு தேதி தவறினாலும் கூடுதல் வட்டி போயிடும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒண்ணு கீழ வந்து கதவைத் திறக்கும். அதை எடுத்து அடுத்ததுல ஏத்தணும். உன்னோடதுதான் பெரிசு. அரை சதவீதம் கூடன்னு உன் பேர்ல போட்டேன்."

"என்கிட்ட சொல்லாம."

"சொன்னா உங்க வீட்லேருந்து ஒரு போன் வரும். நீ இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்துடுவ. தண்ணீர் கேன் நான் மறக்கல."

அது சுட்டது. 

"அட்வான்ஸுக்குன்னுதானே சேத்தீங்க?"

"கட்டடக்காரன் போன வருஷமே என்கிட்ட ஜாடையா சொன்னான். அதுக்குத்தான் தயாரா இருந்தேன்."

"அப்ப அஞ்சாம் தேதியே எடுத்துக் கொடுத்திருக்கலாமே. நான் தினமும் செத்துப் பொழைச்சுட்டு இருந்தேன்."

அவர் தரையைப் பார்த்தார். இதுவரை சரளமாக வந்த பேச்சு இங்கே தடுக்கியது.

"முப்பதாம் தேதிக்குள்ளதானே கேட்டான். இன்னும் இருபத்தஞ்சு நாள் வட்டி ஏறட்டுமேன்னு விட்டேன்."

அந்த இருபத்தைந்து நாள் வட்டியில் இரண்டு பேருக்கு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு வந்திருக்கும். அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை. திட்டினால் நிறுத்த முடியாது என்று தோன்றியது.

"கடைப் போன் நம்பரை ஏன் கொடுத்தீங்க?"

"என் நம்பர் என் கணக்குக்குப் போயிடுச்சு. ஒரே நம்பரை ரெண்டு பேருக்குத் தரக் கூடாதுன்னாங்க. உன் நம்பரைக் கொடுத்தா நீ பாத்துடுவ. கடைப் போன்னா முந்நூறு மெசேஜ்ல இதுவும் ஒண்ணா போயிடும்னு நினைச்சேன்."

அவர் நினைத்தது சரிதான். அவள் பார்க்கவில்லை. வேறு யார் பார்த்திருக்க முடியும் என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அவள் அதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டாள். ஒன்று இருபது. ஆறு மாதமாக, தினமும் ஒன்றிலிருந்து இரண்டு வரை.

பழசையெல்லாம் நான்தான் உக்காந்து அழிச்சேன். பேங்க் கீங்க்னு போகாத.

குட்டிக்கு நாலு வயதாக இருந்தபோது அம்மா படுக்கையில் விழுந்தாள். அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டினது, தலை வாரினது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் இந்தக் கைகள்தான். இருக்காது. குட்டியாக இருக்காது. இருக்காது என்று சொல்லச் சொல்ல, அந்த ஐந்து வரியை அவள் படித்த நேரம் நீண்டுகொண்டே போயிற்று.

"சரி, என்னை நீ சந்தேகப்பட்ட, உன்னை நான் சந்தேகப்பட்டேன். விடு" என்றார் அவர். குரல் இப்போது இளகியிருந்தது, கை நீட்டிக் கணக்கு விவரத்தை வாங்கி நேரத்தைப் பார்த்தார். "உன் முகத்தைப் பாத்தாலே தெரியுது, நீ எடுக்கல. செவ்வாய்க்கிழமை ஒண்ணு இருபதுக்குக் கடையில யாரு இருந்தா?"

அவள் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது.

"யாருமில்ல. சாப்பிட வந்துட்டேன். கடை பூட்டியிருந்துச்சு."

"போன்?"

"உள்ளதான் இருந்துச்சு."

"அப்ப பேங்க்லதான் ஏதோ கோளாறு. அது என்ன கையில, படிவமா?" வாங்கிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. எந்தக் கணக்குக்குப் போயிருக்குன்னு பேரோட வந்துடும்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிவத்தின் கீழே ஒரு பெருக்கல் குறி போட்டார். இரண்டையும் அவளிடம் நீட்டினார்.

"இங்க போடு. போற வழியில நானே கொடுத்துடறேன்."

அவள் பேனாவை வாங்கினாள். பெருக்கல் குறிக்கு நேராகக் கொண்டுபோனாள். எத்தனையோ தாள்களில் எத்தனையோ குறிகளுக்குப் பக்கத்தில் யோசிக்காமல் ஓடிய விரல்கள் நின்றுவிட்டன.

"என்ன?"

"ஒரு தடவை படிச்சுட்டுப் போடறேனே."

அவர் அவளைப் பார்த்தார். காலையில் கண்ணாடி வழியாகப் பார்த்தது போல அதிக நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கீழே விழுந்த திருப்புளியை எடுத்துப் பொத்தான் பலகையைப் பொருத்தினார். ஒரு திருகு. இன்னொரு திருகு.

"செவ்வாய்க்கிழமை இந்தக் கட்டடத்துக்கு ஒரு உதிரி பாகம் வாங்க உன் தெரு வழியாதான் போனேன்" என்றார், முகத்தைத் திருப்பாமல். "ஒண்ணரை மணி இருக்கும். கடை திறந்திருந்துச்சு."

அவர் பொத்தானை அழுத்தினார். பழுது சரியாகிவிட்டிருந்தது. கையெழுத்தில்லாத படிவத்தோடு அவள் வெளியே நிற்க, கதவு இருவருக்கும் நடுவில் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.